கனெக்டிங் ராட் பேரிங்: வீட்டில் மாற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைப்பது கனெக்டிங் ராட். அது கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் உள்ள இரண்டு அரைவட்டத் தகடுகள்தான் ராட் பேரிங், பட்டறையில் 'மெட்டல்' என்பார்கள். ஆயில் சம்ப்பை (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கி, ராட் கேப்பின் (ராடின் அடிப்பக்க மூடி) இரண்டு போல்ட்டைக் கழற்றி, பழைய மெட்டலை உருவிப் புதியதைப் போட்டு மூட வேண்டியதுதானே என்று தோன்றும். பல கார்களில் இன்ஜினை இறக்காமல், அடியிலிருந்தே இதைச் செய்ய முடியும் என்பதும் உண்மை. ஆனால் புது மெட்டல் போட்ட கொஞ்ச நாளிலேயே மறுபடி டொக் டொக் என்று தட்டத் தொடங்கும் இன்ஜின்கள் நிறைய. மெட்டல் ஏன் தேய்ந்தது என்று கேட்காமலே மாற்றியதுதான் பெரும்பாலும் காரணம்.

கிராங்க் பின்னும் (கிராங்க்கில் ராட் மாட்டும் உருளைப் பகுதி) மெட்டலும் ஓடும்போது ஒன்றையொன்று தொடக் கூடாது. நடுவில் ஆயில் படலம் சுமையைத் தாங்கி நிற்கும். மெட்டல் தேய்ந்திருக்கிறது என்றால் ஆயில் வரவில்லை, அல்லது அழுக்கோடு வந்திருக்கிறது, அல்லது ராடிலோ பின்னிலோ கோளாறு இருக்கிறது. அதனால் பழைய மெட்டல்களைத் தூக்கிப் போடுவதே முதல் பெரிய தவறு. எந்த சிலிண்டர், ராட் பக்கமா கேப் பக்கமா என்று எழுதி வரிசையாக அடுக்கி வையுங்கள். நீளமான கீறல்கள் இருந்தால் ஆயிலில் துகள் ஓடியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கலாம், அல்லது பின் ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருக்கலாம். பரப்பு உருகி இழுபட்டுக் கருத்திருந்தால் ஆயில் பஞ்சம்: ஆயில் பம்ப்பையும் அதன் ஸ்ட்ரெயினரையும் (ஆயிலை உறிஞ்சும் இடத்தில் உள்ள வலைச் சல்லடை) பார்க்காமல் மேலே போகாதீர்கள். மூன்று அடுக்கு மெட்டலில் செம்பு நிறம் தெரிந்தால் மேல் அடுக்கு போய்விட்டது. சம்ப்பில் கிடக்கும் துகளைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். மெட்டலின் செம்பும் அலுமினியமும் ஒட்டாது. ஒட்டினால் எங்கோ இரும்புப் பாகமும் தேய்கிறது, அது கிராங்க்காகவும் இருக்கலாம்.

ராட் பேரிங்குக்கு ஆயில், கிராங்க்கை இன்ஜின் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் வழியாக, கிராங்க்குக்குள் இருக்கும் துளையில்தான் வருகிறது. ஒரு ராட் மெட்டல் மோசமாகப் போயிருந்தால் மெயின் கேப் ஒன்றையாவது இறக்கிப் பார்ப்பது நல்லது.

இந்த வேலையை வீட்டிலேயே முடிக்கலாமா என்று தீர்மானிப்பது கிராங்க் பின். நகத்தால் குறுக்கே வருடும்போது கீறல் தட்டினால் நிறுத்திவிடுங்கள். எமரி பேப்பரைச் சுற்றிக் கையால் தேய்த்துப் பளபளப்பாக்குவது பலரும் செய்யும் தவறு. கீறல் மறையும், வட்டம் கெடும். மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு பின்னையும் இரண்டு இடத்தில், செங்குத்தான இரண்டு திசையில் அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அளவு தவறினால் கிராங்க்கை இறக்கிப் பட்டறையில் கிரைண்டிங் செய்து, சிறுத்த பின்னுக்கு ஏற்ற 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் மெட்டல் போடுவதுதான் வழி. பட்டறையில் பத்து, இருபது (அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது பங்கு) என்று சொல்வது இதைத்தான்.

பின் நன்றாக இருந்தாலும், கடையில் 'ஸ்டாண்டர்டு' என்று கேட்டு வாங்கி அப்படியே போட்டுவிடாதீர்கள். ஹோண்டா போன்ற நிறுவனங்களின் பல இன்ஜின்களில் ராடில் ஓர் எண்ணும் கிராங்க்கில் ஓர் எழுத்தும் இருக்கும். இரண்டையும் அட்டவணையில் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த நிற மெட்டல் என்று தெரியும். எதுவானாலும் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து அளவு காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து, பின்னுக்கும் மெட்டலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 45 மில்லிமீட்டர் பின்னுக்குச் சுமார் 0.045 மில்லிமீட்டர் என்பது பழைய கணக்கு. மேனுவல் வேறு சொன்னால் மேனுவலே சரி. பிளாஸ்டிகேஜ் உள்ளே இருக்கும்போது கிராங்க் துளிகூடச் சுழலக் கூடாது.

இடைவெளி அதிகமாக வந்தால் மெட்டலுக்குப் பின்னால் தகரமோ காகிதமோ வைப்பது, கேப்பை அரத்தால் ராவி இறுக்குவது என்று சில பழைய கைவைத்தியங்கள் உண்டு. தயவுசெய்து அவற்றின் பக்கம் போகாதீர்கள். மெட்டலின் விளிம்பு கேப்பைவிடத் துளி உயரமாக இருப்பது வேண்டுமென்றே செய்ததுதான். அந்த அழுத்தத்தில்தான் மெட்டல் சுழலாமல் பிடித்து நிற்கிறது. மெட்டலின் முதுகு எண்ணெய் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். அசெம்பிளி லூப் (பொருத்தும்போது தடவும் மசகு) பின்னைத் தொடும் உள்பக்கத்துக்கு மட்டும். ராடில் ஆயில் துளை இருந்தால், துளையுள்ள மெட்டல்தான் அந்தப் பக்கம் வர வேண்டும். பல டீசல் இன்ஜின்களில் ராட் பக்க மெட்டலும் கேப் பக்க மெட்டலும் வேறு வேறு ரகம். மாற்றிப் போட்டால் தாங்காது.

கேப்பும் ராடும் ஒன்றாக வைத்துக் கடையப்பட்ட ஜோடி. ஒரே துண்டாகச் செய்து பிறகு உடைத்துப் பிரித்த வகை ராடில் வேறு கேப் பொருந்தவே பொருந்தாது. கழற்றும் முன் பெயின்ட் மார்க்கரால் எண்ணும் திசையும் குறித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டரை மட்டும் திறங்கள். போல்ட் ராடோடு நிற்கும் வகையாக இருந்தால் அதன் நுனியில் ரப்பர் ஹோஸ் துண்டை மாட்டுங்கள். பின்னில் உரசினால் மறுபடி கிரைண்டிங் செலவு.

போல்ட்டில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கோணம் வைத்து இறுக்கும் போல்ட்கள் பல இன்ஜின்களில் இழுபட்டு நீளும். அவற்றை மறுபடி போடக் கூடாது. பிளாஸ்டிகேஜ் அளவுக்குப் பழைய போல்ட்டைப் பயன்படுத்தி, இறுதி இறுக்கத்துக்குப் புதியதைப் போடுங்கள். டார்க் ரெஞ்ச்சும் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) ஆங்கிள் கேஜும் (திருப்பும் கோணத்தை அளப்பது) போதும், இம்பாக்ட் கன் வேண்டாம். புரியில் எண்ணெய் தடவுவதா வேண்டாமா என்பதும் மேனுவலில் இருக்கும். அதை மாற்றினால் டார்க் எண்ணுக்கே அர்த்தம் இல்லை. ஒவ்வொரு கேப்பையும் இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். பிடித்தால் உடனே கழற்றிப் பாருங்கள்.

சம்ப்பை மூடும்போது சிலிக்கான் பசையை அள்ளிப் பூச வேண்டாம். உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து ஸ்ட்ரெயினரை அடைத்தால் புது மெட்டலும் பட்டினி கிடக்கும். புது ஃபில்டர், புது ஆயில் போட்டு, எரிபொருளும் இக்னிஷனும் துண்டித்த நிலையில் ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுழற்றுங்கள். பிறகே ஓட விடுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள் இன்னும் வந்துகொண்டிருந்தால் காரை ஓட்டாமல் சம்ப்பை மறுபடி இறக்குங்கள்.