செம்பு பிளாக்குக்கு அலுமினிய ரேடியேட்டர் வேண்டாம்

கொழிஞ்சாம்பாறையில் மாமா பையன், கல்யாண வீடியோ எடிட் செய்ய ஒரு வாட்டர் கூலிங் கம்ப்யூட்டரைப் பழையதாக வாங்கினான். போகப்போக சூடு ஏறியது, உள்ளே சுற்றும் கூலண்ட் நீர் கலங்கியது. பிரித்துப் பார்த்தேன். பிராசஸர் மேல் உட்காரும் பிளாக் செம்பு, நீரின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் அலுமினியம். இரண்டும் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் அரிபட்டுப் போகும். அந்த அழுக்கு பிளாக்கின் மெல்லிய வரிகளில் போய் அடைக்கும். கூலண்டை மட்டும் மாற்றினால் தீராது.

சரி என்று செம்பு ரேடியேட்டர் தேடினோம். 360 மி.மீ. என்பது மூன்று 120 மி.மீ. ஃபேனுக்கான கணக்குதான்; இரு முனைத் தொட்டிகளும் சேர்ந்து நிஜ நீளம் அதைத் தாண்டும். தடிமன் இன்னும் முக்கியம். 30 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. ஃபேனும் சேர்ந்தால் 55. கேபினட்டின் மேல்பக்கம் மாட்டினால் மதர்போர்டில் நிற்கும் ராம் (RAM) மெமரியில் இடிக்குமா என்று டேப் வைத்து அளந்த பிறகே பணம் கொடுத்தோம்.

டியூப்பை மாட்டும் ஃபிட்டிங்கின் மரை பெரும்பாலும் ஜி 1/4 (G1/4) என்ற அளவுதான். டியூப்புக்கு மட்டும் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் பாருங்கள். 10/13 மி.மீ. ஃபிட்டிங்கில் 10/16 மி.மீ. டியூப் சேராது.

பிளாக்கைக் கழற்றிக் கழுவி எல்லாவற்றையும் மாட்டினோம். அப்புறம் மதர்போர்டுக்கு கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, மூட்டுகளில் டிஷ்யூ சுற்றிக் கசிவு பார்த்தோம். இப்போது பாலக்காட்டு ஏப்ரல் வெயிலிலும் ரெண்டரிங் நிற்காமல் ஓடுகிறது.