ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் திரையில் பார்ப்போம்: பன்னிரண்டாவது சுருளை விட்டுவிடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி போன்ற உட்கரு ஏற்பியை, அதாவது ஹார்மோன் வந்து பிணைந்ததும் மரபணுக்களை இயக்கும் புரதத்தை, புத்தகப் படத்தில் மட்டும் பார்த்தால் போதாது. கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு இணைய வசதியுள்ள ஒரு லேப்டாப் போதும்.

முதலில், புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் 1 என்ற எண்ணையும், இடைவெளி விடாமல் இ, ஆர், இ என்ற ஆங்கில எழுத்துகளையும் தட்டுங்கள். மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவின் ஹார்மோன் பிணையும் பகுதி வரும். 1997-இல் வெளியான அமைப்பு இது. முழு ஏற்பியில் 595 அமினோ அமிலங்கள் உண்டு. இங்கே இருப்பது சுமார் 250 தான். முப்பரிமாணப் பார்வைக்குப் போய், ஏ சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடுங்கள்.

சரி, இப்போது மெதுவாகச் சுழற்றுங்கள். ஆல்ஃபா சுருள்கள் மூன்று அடுக்காக நிற்கும். நடு அடுக்கில் 5/6, 9, 10 என்ற எண்ணுள்ள சுருள்கள். எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

அப்புறம், உள்ளே இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனான எஸ்ட்ரடையாலைக் கிளிக் செய்யுங்கள். ஒரு முனையின் ஹைட்ராக்சிலை குளூட்டமேட் 353-உம் ஆர்ஜினின் 394-உம் பிடித்திருக்கும் (எண், ஏற்பியின் வரிசையில் அந்த அமினோ அமிலம் இருக்கும் இடம்). மறுமுனையை ஹிஸ்டிடின் 524 பிடித்திருக்கும். இடைப்பட்ட உடலைச் சுற்றி நீரை ஒதுக்கும் அமினோ அமிலங்கள். ஹார்மோனை ஏற்பி அடையாளம் காண்பதில் இந்த இரண்டு முனைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. கொஞ்ச நேரம் இங்கேயே நின்று பாருங்கள்.

அடுத்து, மேலே உள்ள வரிசைப் பட்டையில் 538 முதல் 546 வரை தேர்ந்தெடுத்து வேறு நிறம் கொடுங்கள். அதுதான் பன்னிரண்டாவது சுருள். விருந்தாளி உள்ளே வந்ததும் சாத்திய செட்டிநாட்டு நிலைக்கதவு மாதிரி, ஹார்மோன் இருக்கும் குழியின் மேல் படிந்திருக்கும். அப்படிச் சாத்தினால்தான், மரபணுவை இயக்க ஏற்பிக்கு உதவும் துணைத்தூண்டி புரதம் வந்து ஒட்ட வெளிப்பக்கத்தில் ஒரு பள்ளம் அமையும். மரபணு வேலையைத் தொடங்கும்.

இன்னொரு டேபில் 3 என்ற எண்ணோடு இ, ஆர், டி தட்டுங்கள். 1998-இல் வந்த இதில், அதே குழிக்குள் மார்பகப் புற்றுநோய் மருந்தான டமாக்சிஃபெனிலிருந்து உடலில் உருவாகும் மூலக்கூறு இருக்கிறது. அதே சுருளுக்கு நிறம் கொடுத்தால் அது இடம் மாறியிருப்பது பளிச்சென்று தெரியும். மருந்தின் நீண்ட கை குழியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் சுருள் பழைய இடத்தில் படிய முடியாது. போய்த் துணைத்தூண்டியின் பள்ளத்திலேயே படுத்துவிடுகிறது.

அந்தக் கையின் நுனியில் உள்ள நைட்ரஜனையும் பக்கத்திலுள்ள அஸ்பார்டேட் 351-இன் ஆக்சிஜனையும் தேர்ந்தெடுத்துத் தூரம் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 4 ஆங்ஸ்ட்ராம் வரும் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு).