ஷார்ட் ஷிஃப்டர் வாங்கும் முன் அந்தச் சின்ன புஷ்ஷைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு பேர் மட்டும் உட்காரும் குட்டி வண்டி. இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர், ஐந்து கியர். இங்கிலாந்தில், லெஸ்டரில் எங்கள் வீட்டு வாசலில் மழையில் நனைந்துகொண்டு நிற்கும். வாங்கிய புதிதில் கியர் லீவர் குழம்புக்குள் விட்ட கரண்டி மாதிரி ஆடியது. வண்டி மூன்றில் இருக்கிறதா ஐந்தில் இருக்கிறதா என்று கைக்குத் தெரியாது, எஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கை குறைவாக நகர்ந்தாலே கியர் மாறும் லீவர், போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பாதிதான் சரி.

இந்த வண்டியில் கியர்பாக்ஸ் நம் முழங்கைக்குக் கீழேயே இருக்கிறது. லீவரின் அடிமுனை நேராக அதற்குள் இறங்குகிறது, இடையில் கேபிள் கிடையாது. லீவரின் நடுவே ஓர் உருண்டை, அதுதான் அச்சு. மீதியெல்லாம் நெம்புகோல் கணக்கு. சும்மா ஓர் உதாரணம்: அச்சுக்கு மேலே 200 மி.மீ., கீழே 40 மி.மீ. என்றால் விகிதம் ஐந்துக்கு ஒன்று. கீழ்ப்பகுதியை 50 ஆக்கினால் நாலுக்கு ஒன்று. முன்பு கை 100 மி.மீ. நகர்ந்த இடத்தில் இனி 80 போதும். ஆனால் அதே வேலைக்குக் கை கொடுக்கும் விசை கால்பங்கு கூடும். இதில் இலவசம் எதுவும் இல்லை. மேல்பகுதியை மட்டும் வெட்டிக் குட்டையாக்கியும் விற்கிறார்கள். கணக்கு ஒன்றுதான், ஆனால் லீவர் உச்சியில் கை பிடிக்கும் குமிழ் கீழே போய்விடுவதால் கையும் தொங்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

வாங்கும் முன் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்து, மூன்றாம் கியரில் போட்டு, குமிழை இரண்டு விரலால் ஆட்டிப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் லீவரின் நீளத்தைக் குறை சொல்லாதீர்கள். அடிமுனையில் தொப்பி மாதிரி மாட்டியிருக்கும் நைலான் புஷ் தேய்ந்திருக்கும். புதிய புஷ், லீவரைச் சுற்றி மூடும் உறைகளான உள் ரப்பர் பூட், வெளி ரப்பர் பூட் மூன்றையும் முதலில் மாற்றுங்கள், ஒரு மாதம் ஓட்டுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். என் வண்டியின் வியாதியில் முக்கால்வாசி அதிலேயே தீர்ந்தது. ஆறு மாதம் கழித்துத்தான் ஷிஃப்டர் வாங்கினேன், அதுவும் ஆசைக்கு.

வாங்கும்போது ஐந்து கியர் பெட்டிக்கா ஆறு கியர் பெட்டிக்கா என்று பாருங்கள், இரண்டுக்கும் லீவர் வேறு. குமிழ் மாட்டும் மரை 10 மி.மீ., 1.25 பிட்ச் (மரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) என்றால் பழைய குமிழே பொருந்தும். மாஸ்டாவின் லீவரில் அதிர்வை விழுங்க நடுவே ரப்பர் இருக்கும். ஒரே இரும்பாகக் கடைந்த மலிவு லீவரில் அது இருக்காது, மோட்டார்வேயில் எழுபது மைலில் போகும்போது கையில் வண்டு பறக்கும். கை நகரும் தூரத்தில் இருபது, இருபத்தைந்து சதவீதக் குறைப்பு போதும். அதற்கு மேல் போனால் குளிர்காலக் காலையில் இரண்டாம் கியர் உங்களோடு மல்லுக்கு நிற்கும். எண்ணெய் சூடாகும்வரை இந்தப் பெட்டியின் இரண்டாம் கியர் எப்போதுமே கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

இனி வேலை. நிதானமாகச் செய்தால் இரண்டு மணி நேரம். ஓட்டி வந்த சூட்டோடு தொடாதீர்கள், கீழே எக்ஸாஸ்ட் கொதிக்கும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கன்சோலை, அதாவது லீவரைச் சுற்றி இரு சீட்டுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் மூடியை, எடுக்கும்போது ஹேண்ட்பிரேக்கை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும், கியரும் நியூட்ரலில்தான் இருக்கும், கட்டையை மட்டுமே நம்பி வண்டி நிற்கும்.

குமிழை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். கன்சோலின் ஸ்க்ரூக்களை எடுத்து மெல்லத் தூக்கி, ஜன்னல் சுவிட்சின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பின்சீட்டில் வையுங்கள் என்று எழுத வந்தேன். இந்த வண்டியில் பின்சீட் ஏது? வெளியே வையுங்கள். அடியில் பெரிய ரப்பர் பூட்டை 10 மி.மீ. ஸ்பானர் பொருந்தும் நாலு போல்ட் பிடித்திருக்கும். அதற்குக் கீழே லீவரைப் பிடிக்கும், 12 மி.மீ. ஸ்பானர் பொருந்தும் மூன்று போல்ட். அவற்றைக் கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் துடைத்துவிடுங்கள், உள்ளே விழுந்தால் கியருக்குத்தான் கேடு.

லீவரை நேர்மேலாகத் தூக்குங்கள். என் லீவர் புஷ் இல்லாமல் மொட்டையாக வந்தது. புஷ் மூன்று துண்டாக உடைந்து கறுத்த எண்ணெய்க்குள் கிடந்தது. பக்கத்து வீட்டில் காந்தக் குச்சி கடன் வாங்கி ஐந்து நிமிடம் துழாவிய பிறகுதான் உறைத்தது: நைலானைக் காந்தம் எப்படி இழுக்கும்? கடைசியில் ஒரு மரக்குச்சி நுனியில் கெட்டி கிரீஸைத் தடவி ஒட்டி எடுத்தேன். மூன்று துண்டையும் தரையில் வைத்து வட்டம் முழுசாகச் சேருகிறதா என்று பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.

லீவர் இறங்கும் அந்தக் குழிக்குத் தனி எண்ணெய் உண்டு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் பழையதை உறிஞ்சி எடுத்து, 75டபிள்யூ90 கியர் எண்ணெய் 80 முதல் 95 மில்லி வரை ஊற்றுங்கள். புதிய புஷ்ஷை லீவரின் அடிமுனையில் மாட்டி, உருண்டையில் கிரீஸ் தடவி, உள் பூட்டோடு இறக்குங்கள். முனை கீழே அதற்கான கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்தால் கைக்குத் தெரியும். உட்காராவிட்டால் லீவர் எந்தப் பக்கமும் தடையில்லாமல் சுற்றும். மரை அலுமினியத்தில் வெட்டியது, பலம் காட்டாதீர்கள். மூன்று போல்ட்டையும் விரலால் ஓட்டிவிட்டு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கன்சோலை மூடும் முன் கிளட்ச்சை மிதித்து ஐந்து கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். ரப்பர் பூட்டின் ஓரம் முழுக்கப் பொருந்தியிருக்க வேண்டும். எங்காவது தூக்கிக்கொண்டு நின்றால் கோடையில் கால் பக்கம் சூடும் எண்ணெய் வாடையும் வரும்.

மதுரையிலிருந்து மச்சினன் போனில் கேட்டான், "மாமா, என் ஸ்விஃப்ட்டுக்கும் இப்படி ஒண்ணு போடலாமா?" அது கேபிள் வண்டி. முதலில் கேபிள் முனைகளின் புஷ்ஷைப் பாருடா என்றேன்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள், வண்டியில் செய்யும் எந்த மாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். நான் போன் செய்தபோது எடுத்த பெண் "என்ன ஷிஃப்டர்?" என்று மூன்று முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். பிரீமியம் ஏறவில்லை.