சிங்கப்பூர் ஈரக்காற்றிலும் மொறுமொறுவென்று தாங்ஹுலு செய்வது எப்படி

தாங்ஹுலு என்பது குச்சியில் குத்திய பழத்தைச் சீனிப்பாகில் தோய்த்து இறுக விடும் சீனத் தின்பண்டம். அதற்கு வேண்டியது சீனி, தண்ணீர், பழம், குச்சி, அவ்வளவுதான். காணொளிகளில் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதே அளவில் அதே மாதிரி நம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் செய்து பாருங்கள், பாகில் தோய்த்து எடுத்தபோது பளபளவென்று இருந்த பழம் கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்துப் போய், கடித்தால் பல்லில் அப்பிக்கொள்ளும். சீனி சரியில்லை, அடுப்பு சரியில்லை என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சீனியில் ஒரு குறையும் கிடையாது, எல்லாம் ஈரம் செய்கிற வேலை. பாகுக்குள் மிச்சமிருக்கும் ஈரம், பழத்தின் மேலுள்ள ஈரம், காற்றின் ஈரம் என்று மூன்று இடத்திலும் அதைத் துரத்தினால் கடையில் விற்பதைவிட நன்றாகவே வரும்.

இது வடசீனத்துக் குளிர்காலத் தின்பண்டம். அங்கே பழைய முறையில் குத்துவது ஷான்ஸா என்ற சிவந்த புளிப்புப் பழம். சின்ன வயதில் நம்மில் பலர் மாமா கடையில் வாங்கித் தின்ற, உருளையாகச் சுற்றி வரும் அந்த இளஞ்சிவப்பு ஹா வில்லைகள் இருக்கிறதே, அதே பழத்தில் செய்ததுதான். தென் சோங் மன்னர் குவாங்சோங்கின் துணைவி நோயில் படுத்தபோது ஒரு வைத்தியர் ஷான்ஸாவைச் சீனியோடு காய்ச்சிக் கொடுத்துக் குணப்படுத்தினார், அதிலிருந்து வந்தது இது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும், நமக்குத் தேவையான விஷயம் வேறு. பெய்ஜிங்கில் குளிர்காலம் வறண்டது, வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். வைக்கோல் கட்டிய கம்பத்தில் குச்சிகளைச் செருகித் தெருவில் நாள் முழுக்க வைத்திருந்தாலும் பூச்சு இளகாது. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், மழையில்லாத நாளில் பிற்பகல் மட்டும் 60 வரை இறங்கும். அதனால் எப்போது செய்வது என்று கேட்டால், மழை வராத நாளில் மதியம் இரண்டு மூன்று மணிவாக்கில் செய்யுங்கள். ஏர்கான் உள்ள அறை ஒன்றைக் கதவு சாத்தி அரை மணி நேரம் முன்பே குளிர்த்தி வையுங்கள், ஏர்கான் காற்றிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அந்த நேரத்தில் சமையலறையில் சோறு வடிப்பது, இட்லி அவிப்பது எதுவும் வேண்டாம்.

பழத்துக்கு வருவோம். தோல் முழுதாக இருக்கிற, அறுக்கத் தேவையில்லாத பழம் எதுவானாலும் நன்றாக வரும். விதையில்லாத திராட்சைதான் தொடக்கத்துக்கு மிகச் சிறந்தது, எல்லாக் கடையிலும் கிடைக்கும், தோல் இறுக்கமாக இருக்கும், பச்சைத் திராட்சையில் கொஞ்சம் புளிப்பும் இருக்கும். ஸ்ட்ராபெரி அழகாக இருக்கும். கொரிய ஸ்ட்ராபெரி இங்கே டிசம்பர் தொடங்கிச் சில மாதங்கள் நன்றாக வரும், அப்போது வாங்குங்கள். அதன் பச்சைக் காம்பைக் கிள்ள வேண்டாம், கிள்ளிய இடத்தில்தான் சாறு கசியும். சின்னத் தக்காளியும் போடலாம், சீனர்களும் போடுகிறார்கள், புளிப்பும் இனிப்பும் சேர்ந்து எனக்கு ஸ்ட்ராபெரியைவிட அதுதான் பிடிக்கும். சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய மாண்டரின் ஆரஞ்சு மிச்சமிருந்தால் சுளைகளைப் பிய்த்து, வெள்ளை நாரை எடுத்துவிட்டு, மேல்தோல் கிழியாமல் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் உலர விட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் பண்டிகைக்கு வாசலில் அலங்காரமாக வைக்கிற தொட்டிச் செடியின் குட்டி ஆரஞ்சைப் பறித்துக் குத்திவிடாதீர்கள், அவற்றுக்கு மருந்து அடித்திருப்பார்கள். மாம்பழம், தர்பூசணி, அன்னாசித் துண்டு, கிவி இவற்றையெல்லாம் விட்டுவிடுங்கள். அறுத்த பக்கத்திலிருந்து சாறு வந்துகொண்டே இருக்கும், பூச்சை உள்ளிருந்தே கரைத்துவிடும்.

பழத்தைக் கழுவி, சுத்தமான துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, தட்டில் பரப்பி மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பழம் நம் ஊர்க் காற்றில் உடனே வியர்க்கும். துடைத்தாலும் மறுபடி வியர்க்கும். அறையின் சூட்டுக்கு வரும்வரை அது நிற்காது. அதனால் பழத்தை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, வியர்வை அடங்கிய பிறகு கடைசியாக ஒருமுறை துடைத்துக் குச்சியில் குத்துங்கள். சில காணொளிகளில் பழம் சில்லென்று இருந்தால் பாகு சீக்கிரம் இறுகும் என்று சொல்வார்கள், வறண்ட ஊருக்கு அது சரி, இங்கே அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

குச்சிக்கு ஈரச்சந்தையிலோ பேரங்காடியிலோ கிடைக்கும் சாத்தே குச்சி போதும். காம்பு இருந்த பக்கமாகக் குத்துங்கள். ஒரு குச்சிக்கு மூன்று நான்கு பழம், நுனி வெளியே நீட்டாமல் கடைசிப் பழத்துக்குள்ளேயே நிற்கட்டும். குத்திய இடத்தில் சாறு எட்டிப் பார்த்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

இப்போது பாகு. பத்துக் குச்சிக்கு 300 கிராம் வெள்ளைச் சீனி, 150 மி.லி. தண்ணீர். அதாவது சீனியில் பாதி எடைக்குத் தண்ணீர். வெல்லம், குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம், பழுப்புச் சீனி எதையும் இதில் முயல வேண்டாம், மணம் நன்றாக இருக்கும்தான், ஆனால் அவற்றில் கலந்திருக்கும் மற்றப் பொருள்கள் சீக்கிரம் கருகும், ஈரத்தையும் வேகமாக இழுக்கும். பாத்திரம் அகலமாக இருப்பதைவிடக் குறுகி ஆழமாக இருப்பது நல்லது, பழம் முங்க வேண்டுமே. அடிப்பகுதி வெளுத்த எவர்சில்வர் பாத்திரமாக இருந்தால் பாகின் நிறம் தெரியும், கறுப்பு நான்ஸ்டிக்கில் தெரியாது.

சீனியையும் தண்ணீரையும் சேர்த்து, அடுப்பை மிதமாக வைத்து, சீனி கரையும்வரை மட்டும் மெதுவாகக் கலக்குங்கள். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துக் கழுவி வைத்துவிடுங்கள், அதன் பிறகு கலக்கவே கூடாது. கலக்கினால் சீனி மறுபடி கட்டி கட்டியாகப் படிகமாகும், ஒரு துணுக்கு படிகம் போதும், பாத்திரம் முழுக்க வெள்ளையாக மணல் பூத்துவிடும். பாத்திரத்தின் ஓரங்களில் ஒட்டும் சீனியும் அப்படித்தான். கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி வைத்தால் ஆவியே ஓரத்தைக் கழுவி இறக்கிவிடும், இல்லையென்றால் நனைத்த தூரிகையால் தடவுங்கள். எலுமிச்சைச் சாறு நான்கைந்து சொட்டு விடுவது படிகமாவதைத் தடுக்க உதவும். அதிகம் வேண்டாம், புளிப்பு கூடினால் சீனி உடைந்து, ஈரம் இழுக்கும் சீனியாக மாறும், மறுபடி பிசுபிசுப்புதான்.

பதம் பார்ப்பது நம் வீடுகளில் தெரியாத வித்தை இல்லை. பொரி உருண்டைக்கோ கடலை மிட்டாய்க்கோ பாகு காய்ச்சியவர்கள் கம்பிப்பதம் தாண்டி, தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் சத்தம் கேட்கும்வரை காய்ச்சுவார்கள். தாங்ஹுலுவுக்கு அதையும் தாண்டிப் போக வேண்டும். ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுங்கள். உருட்ட வந்தால் போதாது. வளைந்தாலும் போதாது. எடுத்ததும் சடக்கென்று உடைய வேண்டும், கடித்தால் பல்லில் ஒட்டாமல் நொறுங்க வேண்டும். அதுதான் பதம். சமையல் வெப்பமானி இருந்தால் 150 டிகிரி செல்சியஸ். 146-க்குக் கீழே எடுக்காதீர்கள், 155-ஐத் தாண்ட விடாதீர்கள். 160-க்கு மேல் கேரமலாகிக் கசக்கத் தொடங்கும். ஏன் 150 என்றால், அந்தச் சூட்டில் பாகில் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு சதவீதம்தான் மிச்சமிருக்கும். 125-இல் எடுத்தால் அதைவிடப் பல மடங்கு தண்ணீர் உள்ளேயே இருக்கும், அது எப்படி மொறுமொறுக்கும்? வெப்பமானி வாங்குவதாக இருந்தால் 200 டிகிரி வரை காட்டக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள், இறைச்சிக்கு வைக்கிற சிலவற்றில் அவ்வளவு தூரம் போகாது. முனை பாத்திரத்தின் அடியில் இடிக்கக் கூடாது.

நேரம் பத்திலிருந்து பதினைந்து நிமிடம் ஆகும். முதலில் குமிழ்கள் பெரிதாகவும் சளசளவென்றும் வரும், ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும், அப்புறம் குமிழ்கள் சிறுத்துக் கெட்டியாகி மெதுவாக வெடிக்கத் தொடங்கும், அந்தக் கட்டத்திலிருந்து சூடு கிடுகிடுவென்று ஏறும். கடைசி மூன்று நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள், தொலைபேசி அடித்தாலும் எடுக்க வேண்டாம். ஓரத்தில் லேசாக வைக்கோல் நிறம் தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

பாகில் கைவைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இது கொதிநீரைவிட 50 டிகிரி கூடுதல் சூடு, தோலில் பட்டால் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் பழம் குத்தட்டும், குச்சி அடுக்கட்டும், அடுப்புப் பக்கம் வேண்டாம். பக்கத்தில் ஒரு பேசின் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கையில் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ், பற்பசை, வெண்ணெய் எதுவும் தடவக் கூடாது. பெரிதாகச் சுட்டிருந்தால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். மைக்ரோவேவில் கண்ணாடிக் கிண்ணத்தில் பாகு காய்ச்சும் முறை இளையர்களிடம் பரவியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிண்ணம் எவ்வளவு சூடாகிவிட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது, வெளியே எடுக்கும்போது கண்ணாடி விரிசல் விட்டுக் கை முழுக்கப் பாகு கொட்டும் ஆபத்து இருக்கிறது.

அடுப்பை அணைத்ததும் குமிழ்கள் அடங்கட்டும், அரை நிமிடம் போதும். பாத்திரத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, குச்சியைப் பாகில் ஒரே ஒரு சுற்று சுற்றி உடனே எடுங்கள். முக்கி வைத்திருந்தால் பழம் வெந்துவிடும், பூச்சும் தடிக்கும். பூச்சு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. தடித்த பூச்சைக் கடித்தால் வாயைக் கீறும். எடுத்ததும் பாத்திரத்துக்கு மேலேயே சுழற்றி, வழிவதை வழிய விட்டு, பேக்கிங் தாளின் மேல் வையுங்கள். சீனத்தில் பழைய ஆட்கள் ஈரமாக்கிய வழவழப்பான பலகையில் குச்சியைத் தட்டி வைத்து லேசாக இழுப்பார்கள், அப்போது பழத்தின் உச்சியில் மெல்லிய சர்க்கரைத் தகடு ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. பேக்கிங் தாளில் தட்டி இழுத்தாலும் ஓரளவு வரும், முயன்று பாருங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கி இறுக்கும் வழியும் இருக்கிறது, ஆனால் காய்ச்சி விரட்டிய தண்ணீரை நாமே மறுபடி மேலே பூசுவானேன்?

பாதியில் பாகு கெட்டிப்பட்டால் மிகச் சிறிய தீயில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும். இரண்டு தடவைக்கு மேல் அப்படிச் செய்தால் நிறம் மாறிக் கசந்துவிடும், அதனால் குச்சிகளை எல்லாம் முதலிலேயே கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தோய்த்து முடித்ததும் தட்டை ஏர்கான் அறைக்குக் கொண்டுபோங்கள். சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அல்ல, குச்சி வைத்த தட்டை மட்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். நாளைக்கு என்று இதில் எதுவும் கிடையாது. குளிர்பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்த கணமே வியர்த்து ஒட்டத் தொடங்கும். விருந்தாளி வருகிறார்கள் என்றால் பழத்தைக் குத்தித் தயாராக வைத்துவிட்டு, அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு பாகு காய்ச்சுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முழுத் திராட்சையைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும், அவர்களுக்குக் குச்சியிலிருந்து எடுத்து நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகள் இந்த ஒரு தடவை விட்டுவிடட்டும்.

பாகு கட்டாயம் மிஞ்சும். அதைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை ஒரு கைப்பிடியைச் சூடான பாகில் போட்டுப் புரட்டி, நெய் தடவிய தட்டில் கொட்டிப் பரப்பி, இளஞ்சூட்டில் கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். ஆறியதும் உடைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் சில நாள் இருக்கும். பாத்திரத்தில் ஒட்டியதைச் சுரண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டால் தானாகக் கரைந்து வந்துவிடும். அந்தத் தண்ணீரில் தேயிலை போட்டு இறக்கினால் சீனி போடாமலே தேத்தண்ணீர் தயார்.