சிறு உரிமைக் குழுக்களுக்குத் துணை நிற்பது எப்படி

நள்ளிரவில் ஒருவர் கைது செய்யப்பட்டால், மறுநாள் காலையில் அவருடைய வீட்டுக்கு முதலில் வந்து சேருபவர்கள் பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்த ஐந்தாறு பேர் கொண்ட ஒரு மனித உரிமைக் குழுவினராகவே இருப்பார்கள். எந்தக் காவல் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரிப்பது, வழக்கறிஞரைத் தேடுவது, குடும்பத்தார் சொல்வதை எழுதிக்கொள்வது எல்லாம் அவர்கள் தலையில்தான் விழும். செய்தி பரபரப்பாக இருக்கும் முதல் வாரத்தில் ஆதரவு குவியும். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக மூன்றாம் ஆண்டுக்கு நகரும்போது அதில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும். ஆகவே துணை நிற்க விரும்புகிறவர்கள் அந்த மூன்றாம் ஆண்டைக் கணக்கில் வைத்தே தங்கள் உதவியைத் திட்டமிட வேண்டும்.

முதலில் குழுவைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் வெளியிட்ட உண்மை அறியும் குழு அறிக்கை ஒன்றை எடுத்து முழுமையாகப் படித்தாலே பாதி விளங்கிவிடும். நேரில் கண்டதும் பிறர் சொல்லக் கேட்டதும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா, காவல்துறையின் விளக்கம் கேட்கப்பட்டுப் பதிவாகியிருக்கிறதா, முடிவுகள் சான்றுகளை மீறிப் போகின்றனவா என்று பாருங்கள். தமக்குப் பிடிக்காத கருத்துடையவர் கைதானபோதும் அவருடைய உரிமைக்காகக் குரல் கொடுத்திருக்கிறார்களா என்பது, என் பார்வையில், மற்ற எல்லாவற்றையும் விட நம்பகமான அளவுகோல்.

அடுத்தது பணம். 1998 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற மனித உரிமைக் காப்பாளர் பிரகடனத்தின் 13ஆம் பிரிவு, அமைதியான வழிகளில் மனித உரிமைகளைக் காப்பதற்காக நிதி கேட்கவும் பெறவும் பயன்படுத்தவும் எவருக்கும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் பிரகடனம் என்பது ஒப்பந்தத்தைப் போல அரசுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. வெளிநாட்டுப் பணம் பெறுவதற்கு முன் அனுமதி வேண்டும் என்று விதித்திருக்கும் நாடுகள் பல உள்ளன. நல்லெண்ணத்துடன் அனுப்பிய ஒரு தொகையே குழுவின் பதிவை ரத்து செய்யக் காரணமாகிவிடக் கூடும் என்பதால், எந்த வழியில், யார் பெயரில் அனுப்பலாம் என்று அவர்களைக் கேட்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

அனுப்பும்போது சிறு தொகையானாலும் மாதந்தோறும், எந்த நிபந்தனையும் இல்லாமல் அனுப்புங்கள். பயிலரங்கம் நடத்தவும் அறிக்கை அச்சிடவும் பணம் தரும் நிறுவனங்கள் பல, அறை வாடகைக்கும் நகலெடுக்கும் செலவுக்கும் சாட்சிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துவரும் பயணச் செலவுக்கும் தருவதில்லை. நன்கொடைக்குக் கைம்மாறாகப் பாதிக்கப்பட்டவர்களின் புகைப்படத்தையோ நெகிழ்ச்சியான கதையையோ கேட்பது தவறு. செலவுக் கணக்கைக் கேட்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பணத்தை விட உழைப்புத் தர முடிந்தவர்கள், குழுவின் வேலைகளில் எவரும் விரும்பிச் செய்யாதது எது என்று கேட்டு அதை எடுத்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவுகளை எழுத்தில் வடிப்பது, கணக்கெழுதுவது, மொழிபெயர்ப்பது, வாய்தா தேதிகளை நாட்காட்டியில் ஏற்றி உரியவர்களுக்கு முன்கூட்டியே நினைவூட்டுவது போன்ற வேலைகள் எப்போதும் தேங்கிக் கிடக்கும்.

வாக்குமூலம் பதிவு செய்யும் பணியில் சேர்ந்தால் கூடுதல் கவனம் தேவை. சொல்பவரின் சொற்களை அப்படியே எழுத வேண்டும். "அடித்தார்கள்" என்று அவர் சொன்னதைச் "சித்திரவதை செய்தார்கள்" என்று நாம் மாற்றினால் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு சொல்லே சாட்சியத்தைக் குலைத்துவிடும். தேதி, நேரம், இடம், உடனிருந்தவர்கள், காயம் உடலில் எந்தப் பக்கம், எந்த அளவில் என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள். நேரம் நினைவில்லை என்றால் இருட்டியிருந்ததா என்று கேட்கலாம், ஆனால் பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒப்புதலையும் ஒரே கேள்வியில் முடித்துவிட இயலாது: நீதிமன்றத்தில் பயன்படுத்தலாமா, பெயரில்லாமல் வெளியிடலாமா, பெயருடன் வெளியிடலாமா என்று தனித்தனியே கேட்க வேண்டும், பின்னர் மனம் மாறினால் சொல்லலாம் என்பதையும் தெரிவிக்க வேண்டும். புகைப்படமோ காணொளியோ இருந்தால் மூலக் கோப்பை அப்படியே பாதுகாத்து வையுங்கள். வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பும்போது எடுத்த நேரம், இடம் போன்ற உட்தகவல்கள் நீங்கிவிடுவதால், அப்படி வந்த நகலின் சான்று மதிப்பு குறைகிறது. மருத்துவர்களாக இருப்பவர்கள், சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்காக 1999இல் ஐக்கிய நாடுகளிடம் அளிக்கப்பட்டு 2022இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறையைப் படித்துவிட்டு முன்வந்தால், காயங்கள் ஆறி மறைவதற்குள் செய்ய வேண்டிய ஒரு பெரிய உதவியைச் செய்தவர்கள் ஆவார்கள்.

நீதிமன்றத்தில் பார்வையாளராகச் சென்று உட்காருவதும் உதவிதான். அமைதியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் நான்கு பேர் பின்வரிசையில் இருப்பது விசாரணையின் போக்கைப் பல நேரங்களில் நிதானப்படுத்துகிறது, குடும்பத்தாருக்கும் அது பெரும் தெம்பு. குறிப்பெடுக்க அனுமதி தேவையா என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். முழக்கம், கைதட்டல் எதுவும் வேண்டாம். ஒருவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்றே தெரியாத நிலையில், அவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் ஆள்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்ய வழக்கறிஞருக்கு உடனே தேவைப்படுபவை, கடைசியாக அவரைப் பார்த்தவர் யார், எப்போது, எந்த வாகனத்தில் ஏற்றினார்கள் என்ற விவரங்கள். அவற்றைச் சில மணி நேரத்துக்குள் திரட்டித் தரக்கூடியவர் ஒருவர் குழுவுக்கு வெளியே தயாராக இருப்பது நல்லது, ஏனெனில் குழுவினரே கைதாகியிருக்கவும் கூடும்.

உள்நாட்டு வழிகள் அடைபட்டால் பன்னாட்டு வழிகள் உண்டு. 1991இல் அமைக்கப்பட்ட, காரணமற்ற தடுப்புக்காவல் குறித்த ஐக்கிய நாடுகள் பணிக்குழுவிடம் குடும்பத்தாரோ அமைப்புகளோ முறையிடலாம். உள்நாட்டு நீதிமன்றங்கள் அனைத்தையும் முதலில் நாடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. நாடுகளின் மனித உரிமை நிலையைச் சுழற்சி முறையில் பரிசீலிக்கும் ஐக்கிய நாடுகளின் உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கும் குழுக்கள் அறிக்கை தரலாம். தனியாகத் தரும் அறிக்கைக்கு 2,815 சொற்களும், பல குழுக்கள் சேர்ந்து தருவதற்கு 5,630 சொற்களும் உச்சவரம்பு என்பதால், நான்கு சிறு குழுக்களின் குறிப்புகளை ஒன்றாக்கிச் செப்பனிடத் தெரிந்த ஒரு நல்ல பதிப்பாசிரியர் அங்கே மிகவும் வேண்டப்படுகிறார்.

சமூக ஊடகத்தில் பகிர்வது எளிது, ஆபத்தும் அதில்தான் அதிகம். குழு தானே வெளியிட்டதை மட்டும் பகிருங்கள். போராட்டப் படங்களில் தெரியும் முகங்களைப் பகிர்வதற்கு முன் மறையுங்கள். அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதும்போது கைதானவரின் பெயர், கைதான தேதி, ஒரே ஒரு கோரிக்கை ஆகியவற்றுடன் மரியாதையான மொழியில் முடித்துக்கொள்ளுங்கள். குடும்பம் வெளிச்சத்தை விரும்பவில்லை என்றால் அந்தக் கடிதமும் வேண்டாம்.

வாழ்க்கைச் சூழல் மாறி விலக நேர்ந்தால், சொல்லாமல் நின்றுவிடாமல் இரண்டு மாதம் முன்பே தெரிவித்து, உங்கள் வேலையை வேறொருவருக்குக் கற்றுக்கொடுத்து, உங்களிடம் உள்ள ஆவணங்களைக் குழுவிடம் ஒப்படைத்து, அவர்கள் சரிபார்த்த பிறகு உங்கள் கணினியிலும் கைபேசியிலும் உள்ள நகல்களை அழித்துவிடுங்கள்.