ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா வாங்கும் முன்

36×24 மில்லிமீட்டர் சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் பகுதி) கொண்ட ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவை வாங்க முடிவு செய்தவர்கள், முதலில் லென்ஸ்களைத்தான் பார்க்க வேண்டும். சோனியின் இ, கேனனின் ஆர்எஃப், நிகானின் இசட், லைக்காவும் பானசோனிக்கும் சிக்மாவும் பகிர்ந்துகொள்ளும் எல் என ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் இணைப்பு) லென்ஸ் வரிசை வேறுபடுகிறது. கேமராவை மாற்றிய பிறகும் லென்ஸ்கள் பல ஆண்டுகள் உழைக்கும்.

புகைப்படத்துக்கு 24 மெகாபிக்சல் பெரும்பாலானோருக்குப் போதுமானது.

வீடியோவுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. 4கே காட்சிக்கு ஏறத்தாழ 8.3 மெகாபிக்சலே போதும் என்பதால், சென்சார் தன் தரவை எவ்வளவு விரைவாகப் படிக்கிறது என்பதே முக்கியம். வீடியோ பதிவில் வைத்து, ஒரு கதவு நிலையின் முன் கேமராவை இடமும் வலமுமாக வேகமாகத் திருப்பிப் பாருங்கள். நேராக நிற்கும் சட்டங்கள் வெகுவாகச் சாய்ந்து தெரிந்தால், அந்த வேகம் குறைவு என்று பொருள். விநாடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் 4கே பதிவு செய்யும்போது காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படுகின்றனவா, வண்ணத்தைப் பின்னர் திருத்த உதவும் 10 பிட் பதிவு உண்டா, நெடுநேரப் பதிவு வெப்பத்தால் நின்றுவிடுகிறதா என்பவற்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். திருமணம் போன்ற, மீண்டும் எடுக்க இயலாத நிகழ்வுகளைப் பதிவு செய்வோர், ஒரே பதிவை இரு மெமரி கார்டுகளில் சேமிக்க உதவும் இரண்டு கார்டு ஸ்லாட் இல்லாத கேமராவை, அது வேறு எவ்வகையில் சிறந்ததாயினும், தவிர்ப்பதே நல்லது.