அரசு உதவியோடு வாடகை வீடு: புதுத் தம்பதிகள் சறுக்கும் இடங்கள்

மதுரையில் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஜெராக்ஸை மறப்பது, கையெழுத்து மாறிப்போவது எல்லாம் இன்னொரு நடையில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாதா மாதம் வாடகை கிடைக்கும் என்று நம்புவது

தனியார் வீட்டு வாடகையை மாதா மாதம் கையில் தரும் பொதுத் திட்டம் இங்கே இல்லை. பலரும் விசாரிக்கும் 24,000 ரூபாய், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் தன் பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது அங்கே இருந்தவர்களுக்குத் தருவது. வில்லாபுரத்தில் தானாக வீடு பிடித்தவருக்கு வராது.

பெற்றோர் ரேஷன் கார்டிலேயே பெயரை விட்டுவைப்பது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மாறுவதில்லை. பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

கீழமாசி வீதியில் மூட்டை தூக்கும் பையன், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண். ஆரப்பாளையத்தில் ஒற்றை அறை. அவன் பெயர் திருமங்கலத்தில் அப்பாவின் ரேஷன் கார்டில், அவள் பெயர் மேலூரில் அம்மாவின் கார்டில். பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-இல் மனுப் போட்டார்கள். அதில் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள்தான் ஒரு குடும்பம். நாட்டில் எங்கேயும் சொந்தக் காங்கிரீட் வீடு இருக்கக் கூடாது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் என்றால் நலிந்த பிரிவு. இவர்களுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. ஆனால் கார்டின்படி அவன் அப்பாவின் காங்கிரீட் வீட்டில் இருக்கும் மகன். மனு அங்கேயே நின்றது. "நாங்க ஆரப்பாளையத்துலதானே சார் சோறு பொங்குறோம்" என்றாள் அந்தப் பெண். அதைக் காட்ட ஒரு தாள் இல்லை.

"பேரை எடுத்தா அரிசி குறையும், பிரிஞ்சு போன மாதிரி ஆயிரும்" என்று அம்மாக்கள் தடுப்பார்கள். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். மாமியார் வாங்கினால் மருமகளுக்குக் கிடையாது. தனிக் கார்டு இருந்து மற்றத் தகுதிகளும் பொருந்தினால் அவளும் கேட்கலாம். ஒற்றை அறை வாடகையில் அது பெரிய தொகை.

முதலில் இரண்டு ஊரிலும் பெயர் நீக்கம், அப்புறம் புதுக் கார்டு. தனிச் சமையலா என்று பார்க்க ஆள் வரலாம். அடுப்பும் சிலிண்டரும் அறையில் இருக்கட்டும். வருமானச் சான்றைக் கார்டு வந்த பிறகு வாங்குங்கள். அவசரப்பட்டு முன்னாலேயே வாங்கினால் அப்பாவின் வருமானமும் அதில் ஏறிவிடலாம்.

எழுத்து இல்லாமல் குடிபோவது

புதுக் கார்டுக்கு முகவரிச் சான்று வேண்டும். "எழுத்தெல்லாம் எதுக்குப்பா" என்பார் வீட்டுக்காரர். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி ஒப்பந்தம் செய்யாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அட்வான்ஸைக் கையில் கொடுக்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்; கொடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

வாரிய வீட்டை உள்வாடகைக்கு எடுப்பது

வேண்டாம். ஒதுக்கீடு உங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர் பெயரில். ஆய்வு வந்தால் தெருவில் நிற்பது நீங்கள்.

மனுவுக்காகப் புரோக்கரிடம் பணம் கொடுப்பது

கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் நீங்களே மனுவைக் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.